கோழியின் குலமும் குணமும்

பினாங்குத் தீவின் மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் அமைந்த ஊர் பாலிக் புலாவ். தீவின் மறுபுறம் என்பதே அப்பெயரின் பொருள். ஜார்ஜ் டவுனின் கடைத்தெருக்களையும் துறைமுகத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் பலர் மலையைக் கடந்து இவ்வூருக்கு வருவதில்லை. வருகின்ற சிலரும் டுரியான் காலத்தில் பழம் நாடி வருவர். அல்லது லக்சா உண்டு திரும்புவர். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் தோப்புகள் மலைச்சரிவிலும், நெல்வயல்கள் சமவெளியிலும், மீனவர் குடியிருப்புகள் கடலோரத்திலுமாக அமைந்த நிலம் அது. குறிஞ்சியும் மருதமும் நெய்தலும் ஓர் ஊர் எல்லைக்குள் அடங்கியது போன்ற தோற்றம் உடையது.

அத்தகைய ஊரில் விடியலை அறிவிக்கும் உரிமை இன்னும் சேவலுக்கே உரியதாக இருக்கின்றது. பலகை வீட்டின் அடியிலும் பழமரத்து நிழலிலும் குஞ்சுகளுடன் மேய்ந்து திரியும் கோழியை மலாய் மக்கள் ‘ஆயாம் கம்போங்’ என்பர். மலேசியத் தமிழர் கம்போங் என்னும் சொல்லைத் தமிழின் இயல்புக்கேற்பக் ‘கம்பம்’ ஆக்கி, அக்கோழிக்குக் ‘கம்பத்துக் கோழி’ எனப் பெயரிட்டனர். தமிழகத்தில் இதனையே நாட்டுக்கோழி என்பர். பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே: பண்ணையில் அடைபடாத, தன் இரையைத் தானே தேடுகின்ற, தன் குஞ்சைத் தானே காக்கின்ற கோழி.

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருவது வழக்கம். 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைக்கொண்டதும், 1821இல் சயாமியர் கெடாவின்மீது படையெடுத்தபோது அங்கிருந்து மக்கள் பினாங்குப் பகுதிக்கு அடைக்கலம் தேடி வந்ததும் நூல்களில் இடம்பெற்ற செய்திகள். ஆயின், ஓடி வந்த அம்மக்களும், பின்னர்ச் சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த மக்களும் குடியேறிய இடமெல்லாம் முற்றத்தில் கோழியை வளர்த்தனர். மனிதனோடு நாடு விட்டு நாடு சென்ற உயிர்களுள் கோழிக்குத் தனியிடம் உண்டு. அதன் இனங்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின் குணங்கள் எவ்வாறு அமைந்தன, அக்குணங்களுள் எவை இன்று மறைந்து வருகின்றன என்பவற்றை ஆராய்வது மனிதனின் வரலாற்றை ஆராய்வதும் ஆகும்.

தமிழ் மரபில் கோழி

கோழியின் இயல்பைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியுள்ளனர். தொல்காப்பிய மரபியல், சிறகுடைய பறவைகளின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயர் பொதுவாக உரியது எனக் கூறி, மயிலை மட்டும் அதற்கு விலக்காக்குகின்றது. பெண்பாலுக்குரிய பெயர்களைச் சொல்லுமிடத்து, ‘அளகு’ என்னும் சொல் கோழி, கூகை, மயில் ஆகியவற்றுக்கே பொருந்தும் என்றும் வரையறை செய்கின்றது. ஒரு பறவையின் பெட்டைக்கெனத் தனிச்சொல் வகுத்து, அது வேறெவற்றுக்கு உரியதன்று என்றும் இலக்கணம் செய்த மொழி, அப்பறவையோடு எத்துணை நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

சங்கப் புலவர் கோழியின் குணத்தையே உவமையாக்கினர். குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் தெரிந்திலது. அவர் ஆண்ட உவமையால் குப்பைக்கோழியார் என்றே வழங்கப்படுகின்றார். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் போரிடுகின்றன. ஏவி விடுவாரும் இல்லை, விலக்கி விடுவாரும் இல்லை. அப்போர் தானாக ஓய்ந்தாலன்றி ஓயாது. காதல்நோயில் தவிக்கும் தலைவியின் நெஞ்சத்துப் போராட்டத்தைப் புலவர் இதற்கு ஒப்பிட்டார். ஊரார் கூடிக் காணும் சேவற்போர் ஒன்று. எவரும் காணாத குப்பைமேட்டுப் போர் மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவரே இவ்வுவமையைச் சொல்ல இயலும். அதே தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடலில், சேவலின் கூவல் கேட்ட தலைவியின் நெஞ்சம் நடுங்குகின்றது. விடியல் தன்னைக் காதலனிடமிருந்து பிரிக்கும் வாளாக அவளுக்குத் தோன்றுகின்றது. பட்டினப்பாலையிலோ, காயவைத்த உணவைக் கொத்த வந்த கோழியின்மேல் மகளிர் தம் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்ட வந்த புலவருக்கு, எத்தனை முறை விரட்டினும் மீண்டும் வரும் கோழியின் பிடிவாதம் துணை செய்தது.

சோழரின் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்னும் பெயர் உண்டு. யானையைச் சேவல் ஒன்று எதிர்த்து வென்ற இடம் அது என்னும் பழங்கதை அப்பெயருக்குக் காரணம் கூறும். முருகனின் கொடியிலும் சேவலே விளங்குகின்றது. பஞ்சபட்சி சாத்திரம் கூறும் ஐந்து பறவைகளுள் வல்லூறு, ஆந்தை, காகம், மயில் ஆகியவற்றோடு கோழியும் ஒன்று.

இவை யாவற்றினும் வியப்பூட்டுவது கல்லெழுத்துச் சான்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கிடைத்த வட்டெழுத்து நடுகல் ஒன்று, முகையூர் மேற்சேரியின் போர்ச்சேவலுக்காக எழுப்பப்பட்டது. அதில் சேவலின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. இந்தளூரில் கிடைத்த மற்றொரு நடுகல் கீழ்ச்சேரிச் சேவலின் நினைவைப் போற்றுகின்றது. வீரனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. ஊரின் பெருமைக்காகப் பொருது மாண்ட சேவலையும் வீரனாகவே கருதி அவர்கள் கல் நட்டனர். கோழியின் குணத்தை மதித்த சமுதாயத்திற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

காடும் வயலும்

வீட்டுக்கோழியின் மூதாதை எது என்பது நெடுங்காலம் ஆராயப்பட்ட கேள்வி. உலகில் காட்டுக்கோழிகள் நான்கு வகைப்படும். செந்நிறக் காட்டுக்கோழி இந்தியாவின் வடபகுதி முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவி வாழ்வது. மலேசியக் காட்டோரங்களில் ‘ஆயாம் ஹூத்தான்’ எனப்படுவது இதுவே. சாம்பல்நிறக் காட்டுக்கோழி தென்னிந்திய மலைகளுக்குரியது. மற்ற இரண்டும் முறையே இலங்கைக்கும் சாவகத் தீவுப் பகுதிக்கும் உரியவை. 1868இல் வெளியிட்ட நூலில் சார்லசு டார்வின், வீட்டுக்கோழிகள் யாவும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என வாதிட்டார்.

அவர் கூற்று பெரும்பாலும் சரியென மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. 800க்கும் மேற்பட்ட கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய கிளை, தென்மேற்குச் சீனம், தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியின் கிளை எனக் கண்டது. மலாயாத் தீபகற்பத்துக் காட்டுக்கோழியும் இக்கிளையைச் சார்ந்ததாகவே வகைப்படுத்தப்படுகின்றது. 2022இல் வெளிவந்த தொல்லியல் ஆய்வுகளின்படி, ஐயத்திற்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்தவை. அவற்றின் காலம் கி.மு. 1650 முதல் கி.மு. 1250 வரை என மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதன் காட்டுக்குச் சென்று கோழியைப் பிடித்து வந்தான் என்பதைவிட, மனிதன் விளைத்த நெல்லும் தினையும் கோழியைக் காட்டிலிருந்து வெளியே அழைத்தன என்பதே அவ்வாய்வாளர்களின் முடிபு. மலைக்காடும் நெல்வயலும் அடுத்தடுத்து அமைந்த பாலிக் புலாவ் போன்ற நிலப்பரப்பை நோக்குவோர்க்கு இம்முடிபு எளிதில் விளங்கும்.

ஆயினும் டார்வின் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. பல கோழிகளின் தோலும் காலும் மஞ்சள் நிறமாக இருத்தல் எவரும் கண்டதே. அம்மஞ்சளுக்குக் காரணமான மரபணு செந்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று. தென்னிந்தியச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என 2008இல் கண்டறியப்பட்டது. எனவே, கம்பத்து முற்றத்தில் மஞ்சட்கால் ஊன்றி நிற்கும் கோழியில் தென்கிழக்காசியக் காடும் தென்னிந்திய மலையும் ஓருடலில் கலந்துள்ளன. தமிழர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த காலத்திற்கு மிக முன்னரே நிகழ்ந்த கலப்பு அது.

குணத்தின் அடிப்படை

கோழிக்குக் குணம் உண்டா என்று நகைப்போர் இருக்கலாம். கோழி வளர்த்தவர் எவரும் அவ்வாறு நகையார். நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைப் செல்டரூப் எப்பே என்பவர் சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்து வந்தவர். ஒவ்வொரு கோழிக்கூட்டத்திலும் யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசைமுறை உண்டு என்பதை அவர் கண்டு, 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைக்கோழி எதனையும் கொத்தாது. இடையில் நிற்பவை தமக்குக் கீழ்ப்பட்டவற்றை மட்டுமே கொத்தும். விலங்கினச் சமுதாயங்களைப் பற்றிய ஆய்வுக்கே இது வழிகாட்டியாயிற்று.

விடியலில் கூவுவதிலும் இவ்வரிசை உண்டு. சேவல் வெளிச்சத்தைக் கண்டு கூவுவதன்று. தன் உடலுக்குள் இயங்கும் காலக் கணக்கால் விடியலுக்கு முன்னரே கூவுகின்றது என்பதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் நிறுவினர். கூட்டத்தின் தலைச்சேவல் முதலில் கூவ, மற்றவை தத்தம் தகுதிப்படி அடுத்தடுத்துக் கூவும் என்பதையும் அவர்கள் 2015இல் காட்டினர். ‘கோழி கூவியா பொழுது விடியும்’ எனக் கேட்பது வழக்கம். பொழுது அதனால் விடிவதில்லை எனினும், பொழுதை அது தவறாது அறிந்திருக்கின்றது.

குணம் வழிவழி வருவது என்பதற்குச் சுவீடன் நாட்டு ஆய்வொன்று தக்க சான்று. காட்டுக்கோழிகளுள் மனிதனைக் கண்டு மிகுதியாக அஞ்சாதவற்றை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து வந்தனர். சில தலைமுறைகளிலேயே அவற்றின் வழித்தோன்றல்கள் உடல் பருத்தன. 10 தலைமுறைகளில் உடலுக்கேற்ற விகிதத்தில் மூளையின் அளவு குறைந்ததும் தெரியவந்தது. அச்சத்தை நீக்கினால் அச்சம் மட்டும் நீங்குவதில்லை. வேறு பலவும் உடன் மாறுகின்றன. கோழி இனங்களின் வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

இனங்களும் இயல்புகளும்

இந்தியப் போர்க்கோழிகளுள் முதன்மையானது அசில். தூய, உயர்குலத்து என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. தமிழில் வழங்கும் ‘அசல்’ என்பதும் அவ்வேரிலிருந்து வந்ததே. இறுகிய தசையும், சிறு கொண்டையும், நிமிர்ந்த நடையும் இதன் அடையாளங்கள். குஞ்சுப் பருவத்திலேயே உடன்பிறப்புகளோடு போர் தொடங்கும். ஆயின், தன் இனத்துச் சேவலிடம் சிறிதும் விட்டுக்கொடாத இக்கோழி, வளர்ப்பவர் கைக்குள் அடங்கி நிற்கும். சினம் பகைவனிடம், பணிவு உடையவனிடம் என்னும் வேறுபாட்டை அறிந்தது. தமிழகத்துப் பெருவிடையும், கிளிபோல் வளைந்த அலகுடைய கிளிமூக்குக் கோழியும் இவ்வினத்தோடு உறவுடையவை. இதற்கு மாறாக, சிறுவிடைக் கோழி உடலால் சிறியது. வேகமாக ஓடி இரை தேடுவது. அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் தேர்ந்தது. போருக்குப் பெருவிடை, குடும்பத்திற்குச் சிறுவிடை எனக் கிராமத்தார் இரண்டையும் வகைப்படுத்தி வளர்த்தனர்.

மலாயாவின் பெயரைத் தாங்கிய இனமும் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பகுதியிலிருந்து கப்பல்வழி இங்கிலாந்து சென்ற நெடிய சேவல்களிலிருந்து ‘மலாய்’ என்னும் இனம் உருவாக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்றடி உயரம் வளரக்கூடிய இது, கோழிகளுள் மிக உயரமானவற்றுள் ஒன்று. தடித்த புருவத்தின்கீழ் ஆழ்ந்த கண்கள் இதற்குக் கடுமையான முகத்தோற்றத்தைத் தந்தன. குணமும் அதற்கேற்பச் சண்டையிடும் குணமே. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேவற்போர் தடைசெய்யப்பட்டபின், போர்க்களத்தில் காட்டிய ஆர்வத்தைக் கோழி வளர்ப்போர் கண்காட்சியின்பால் திருப்பினர். 1845இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் கோழிக் கண்காட்சி நடைபெற்றது. 1865இல் வெளிவந்த முதல் பிரித்தானியக் கோழியின இலக்கண நூலில் மலாய் இனம் இடம்பெற்றது.

அதே காலத்தில் இங்கிலாந்தைக் கவர்ந்த மற்றொன்று கொச்சின். தமிழ்மக்கள் அப்பெயரைக் கேட்டுக் கேரளத்துக் கொச்சியை எண்ணலாம். உண்மையில் அது 1840களில் சீனத்திலிருந்து சென்ற கோழி. கொச்சின் சீனா என்னும் வியட்நாமியப் பகுதியின் பெயர் பிழையாக ஒட்டிக்கொண்டது. கால்வரை இறகு மூடிய பருத்த உடலும், பெரிதும் பறக்க முயலாத அமைதியும் இதன் இயல்பு. மலாய் அச்சுறுத்தியது, கொச்சின் அணைத்துக்கொள்ள அழைத்தது. மக்கள் இரண்டாவதையே பெரிதும் விரும்பினர்.

சீன மக்களின் வீடுகளில் தனிமதிப்புடையது கருங்கோழி. பட்டுப்போன்ற மென்மயிர் உடலைப் போர்த்திய வகையைப் பட்டுக்கோழி எனலாம். மயிருக்குப் பதில் பூனையின் உரோமம் போன்றது உடைய கோழிகள் சீனத்தில் இருப்பதை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டார். கருநிறத் தோலும் எலும்பும், காலில் ஐந்து விரல்களும் இதன் சிறப்புகள். மருத்துவ உணவாகச் சீனர் இதனை மூலிகைகளோடு வேகவைத்துச் சாறாக்கி உண்பர். பாலிக் புலாவில் நெடுங்காலமாக வாழும் ஹக்கா மக்களிடையே, மகப்பேறு கண்ட பெண்ணுக்கு இஞ்சியும் அரிசி மதுவும் சேர்த்துச் சமைத்த கோழியைக் கொடுப்பது மரபு. தமிழர் வீட்டில் அதேபொழுது நாட்டுக்கோழியை மிளகிட்டுச் சமைப்பர். வழி வேறு, கருத்து ஒன்று. குணத்தால் பட்டுக்கோழி சாதுவானது. அடைகாக்கும் வேட்கை மிக்கது. வாத்து முட்டையாயினும் வேறு பறவையின் முட்டையாயினும் வைத்தால் தன்னுடையதாகவே கருதிப் பொரிக்கும். மத்தியப் பிரதேசத்துச் சாபுவா மாவட்டத்தின் கடக்நாத் கோழியின் கருமைக்கும் இதே மரபணு மாற்றமே காரணம். அதற்கு 2018இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மலேசியாவுக்கே உரிய பெருமை செராமாவுக்கு உண்டு. கிளந்தானில் உருவாக்கப்பட்ட இக்குறுங்கோழி உலகின் மிகச் சிறிய கோழியினமாகக் கருதப்படுகின்றது. எடை அரைக் கிலோவிற்கும் குறைவு. மார்பை முன்தள்ளி, தலையைப் பின்சாய்த்து, வாலைச் செங்குத்தாக நிறுத்தி நிற்கும் அதன் தோற்றம் போர்க்கோலம் பூண்ட வீரனை ஒத்தது. கிளந்தானின் வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தில் வரும் ஸ்ரீராமனின் பெயரே ‘செராமா’ என மருவி இக்கோழிக்கு அமைந்தது. இராமகாதை கடல் கடந்து சென்ற நாடுகள் பல. ஒரு கோழியின் பெயராகவும் அது நிலைத்தது இங்கேதான். தோற்றம் வீரனுடையதாயினும் குணம் மென்மையானது. உள்ளங்கையில் நின்று, மேசைமேல் நடந்து காட்டும். 2001இல் இது அமெரிக்காவுக்குச் சென்றது. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக்காய்ச்சல் கண்டபோது, அப்பகுதியில் அழிக்கப்பட்ட பறவைகளுள் செராமாக்களும் அடங்கும்.

இனிக் கம்பத்துக் கோழியின் குணம். இதற்குத் தூய குலம் கிடையாது. காட்டுக்கோழியின் உறவும், மலாய் சீன இந்திய மக்கள் கொணர்ந்த கோழிகளின் கலப்பும், ஆங்கிலேயர் கொணர்ந்தவற்றின் சாயலும் இதில் உண்டு. ஒரே தாயின் குஞ்சுகளுள் ஒன்று கருமை, ஒன்று செம்மை, ஒன்று புள்ளியாக அமையும். இரவில் மரக்கிளையில் அடையும். பருந்தின் நிழல் கண்டால் தாய் ஒரு குரல் கொடுக்க, குஞ்சுகள் சிறகடியில் மறையும். உடும்பும் முசாங்கும் மலைப்பாம்பும் உலவும் நிலத்தில் அச்சமும் ஓர் அறிவே. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைகிடக்கும். 21 நாள் இருக்கை விட்டு நீங்குவது அரிது. அடைக்கோழியின் அருகில் கை நீட்டியவர் அதன் சினத்தை மறவார்.

ஐரோப்பிய இனங்களுள் தமிழகத்தார் லெக்கான் என வழங்கும் இத்தாலியக் கோழி வெண்மையானது, மெலிந்தது, எளிதில் மிரள்வது. ஆண்டுக்கு 280 முட்டைக்கு மேலும் இடவல்லது. ஆயின் அடைகாக்கும் எண்ணம் பெரும்பாலும் அற்றது. அடைகிடந்தால் முட்டையிடுதல் நிற்கும். ஆதலின் அடைகிடவாதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். அமெரிக்காவின் ரோட் ஐலண்டுச் செங்கோழி முட்டைக்கும் இறைச்சிக்கும் ஏற்றது; பொதுவாக அமைதியும் உறுதியும் உடையது. ஆசுத்திரேலியாவின் கரிய ஆசுத்திரலார்ப்பு இனத்தின் ஆறு கோழிகள் 1922–23ஆம் ஆண்டுப் போட்டியில் 365 நாளில் 1857 முட்டை இட்டன. இச்சாதனைகள் யாவும் வியப்புக்குரியவையே. ஆனால், தாய்மை என்னும் குணம் உற்பத்திக்குத் தடையாகக் கருதப்பட்டு, மெல்ல மெல்ல நீக்கப்பட்டது என்பதும் இவற்றோடு சேர்த்து எண்ணற்குரியது.

இரு வீரர்களின் வழித்தோன்றல்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசில், மலாய், ஆங்கிலப் போர்க்கோழி ஆகியவற்றைக் கலந்து ஓர் இனத்தை உருவாக்கினர். இன்றும் பிரித்தானியாவில் அதற்கு ‘இந்தியன் கேம்’ என்றே பெயர். பிற நாடுகளில் கார்னிஷ் எனப்படும். வலிமைமிக்க போர்ச்சேவலைப் பெறும் நோக்கம் நிறைவேறவில்லை. அதன் அகன்ற நெஞ்சில் இறைச்சி மிகுந்திருந்ததே கண்ட பயன். அமெரிக்காவில் 1948இல் முடிவுற்ற ‘நாளைய கோழி’ என்னும் நாடளாவிய போட்டியில் கார்னிஷ் கலப்பினமே வெற்றி பெற்றது. இன்று உலகெங்கும் உண்ணப்படும் இறைச்சிக்கோழி, கார்னிஷ் வழியையும் வெண்ணிறப் பிளிமத் ராக் வழியையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது.

ஊருக்காகப் பொருது நடுகல் பெற்ற சேவலின் நாட்டிலிருந்து அசிலும், கம்பத்து முற்றத்திலிருந்து மலாயும் கடல் கடந்து சென்றன. அவ்விரு வீரர்களின் குருதி இன்று சந்தையில் விற்கும் வெள்ளைக்கோழியில் ஓடுகின்றது. ஆயின் வீரம் இல்லை. 35 முதல் 42 நாளில் ஏறக்குறைய 2 கிலோ எடை அடைந்து, கொண்டை சிவந்து குரல் முதிருமுன் அதன் வாழ்வு முடிகின்றது. அதற்குக் கூவவும் தெரியாது, அடைகிடக்கவும் காலமில்லை. குணம் என்று சொல்லத்தக்கது வெளிப்படுவதற்குள் அது எடையாக மாற்றப்படுகின்றது.

இதனை இழிவாகப் பேசுவது நேர்மையாகாது. திருநாளில் மட்டும் கோழியுண்ட ஏழைக் குடும்பங்களும் வாரந்தோறும் புரதம் பெற்றது இக்கோழியால்தான். தோட்டப்புறத்து முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலை ஆண்டுக்கொரு முறை பங்கிட்டு உண்ட தலைமுறைக்கு அவ்வேறுபாடு நன்கு தெரியும். பாவம் எனச் சொல்லி வயிற்றை மறக்க இயலாது.

எனினும் அச்செல்வத்தின் வேர் எங்கே உள்ளது என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. மலேசியாவின் கோழித்தீனிக்குரிய சோளமும் சோயாவும் பெரும்பாலும் இறக்குமதியாவன. உலகச் சந்தையில் அவற்றின் விலை ஏறியபோது உள்நாட்டில் கோழி விலையும் தட்டுப்பாடும் மிகுந்தன. மாதம் 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதியை மலேசியா சூன் 1ஆம் நாள் நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. அத்தடையிலிருந்து முதலில், சூன் 14ஆம் நாளே, விடுவிக்கப்பட்டவை எவை என்பது கருதத்தக்கது: கம்பத்துக் கோழியும் கருங்கோழியும். ஏனைய கோழிகளுக்குரிய தடை அக்டோபர் 11ஆம் நாள் வரை நீடித்தது. நாட்டின் பெருஞ்சந்தைக்கு அவை சிறுபொருளாகத் தோன்றியமையே விடுதலைக்குக் காரணம். ஆனால் சிறுபொருளாகிய அவையே தாமே இரை தேடவும், தாமே அடைகாத்துத் தம் இனத்தைப் பெருக்கவும் வல்லவை.

மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமாகிய மார்டி, கம்பத்துக் கோழியின் சுவையைக் காத்து வளர்ச்சியை விரைவுபடுத்தும் முயற்சியில் ‘சாகா’ என்னும் இனத்தை உருவாக்கியுள்ளது. தமிழகத்திலும் நாட்டுக்கோழி வளர்ப்புக்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் ஊக்கமளிக்கின்றது. சேவற்போர், இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்கும் மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்திற்கும் மாறானது. அது தக்கதே. வீரத்தைப் போற்ற இரத்தம் சிந்த வேண்டுவதில்லை. குஞ்சின் பொருட்டுப் பருந்தின்மீது பாயும் பெட்டையின் வீரம் எந்தக் களத்து வீரத்திற்கும் குறைந்ததன்று.

சொல்லும் உயிரும்

ஒரு குணம் மறையும்பொழுது அதனைக் குறித்த சொல்லும் உடன் மறைகின்றது. அடைக்கோழி, விடைக்கோழி, அளகு, பஞ்சாரம், கொக்கரித்தல், கேறுதல் ஆகியவை கோழியோடு வாழ்ந்த மக்கள் படைத்த சொற்கள். பஞ்சாரம் கவிழ்த்துக் குஞ்சு மூடியதைக் காணாத மாணவனுக்கு அச்சொல் அகராதியில் ஒரு வரி மட்டுமே. குப்பைமேட்டுச் சேவற்போரைக் காணாதவனுக்குக் குப்பைக்கோழியாரின் உவமையை உரையாசிரியர் எத்துணை விளக்கினும், அதன் உயிர்நிலை தோன்றாது. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எதிர்நோக்கும் இடர்களுள் இதுவும் ஒன்று.

பாலிக் புலாவ் போன்ற ஊர்கள் அவ்விடரை ஓரளவு தீர்க்கும். மலையின் இப்புறத்துப் பள்ளியில் குறுந்தொகையைப் படித்த மாணவன், மலையின் அப்புறம் சென்று டுரியான் மரத்தடியில் சிறிது நேரம் நின்றால், அப்பாடலின் உவமை அவன் கண்முன்னே சிறகடித்துப் போரிடக் காண்பான். ஏவுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தமிழகத்துக் குப்பைமேட்டில் புலவர் கண்ட குணம், கடல் கடந்த இத்தீவின் மறுபுறத்திலும் மாறாது நிற்கின்றது. அக்காட்சியைக் காண்பதற்குரிய முற்றமும், மேய்வதற்குரிய மண்ணும், அடைகிடக்க ஒரு மூலையும் எஞ்சியிருக்கும் வரையில் அச்சேவல் கூவும். அப்பாடலும் பொருளோடு வாழும்.